உப்புநீர்த் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: மருந்துப் பாட்டிலைத் திறக்கும் முன்

நீங்கள் எழுதியதை ஒரு முறை சுருக்கிக்கொள்கிறேன். சென்னையில் ஃபிளாட். நாலடி நீளத் தொட்டி, லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல்பாறை), கொஞ்சம் மென்பவளம், இரண்டு க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், நாலைந்து நத்தை. எட்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. போன வாரம் ஒரு சின்ன ப்ளூ டாங் மீன் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டீர்கள். ஐந்தாம் நாள் டாங் உடம்பில் வெள்ளைப்புள்ளி; பாறையில் போய்ப் போய் உரசுகிறது. ஏழாம் நாள் காலையில் புள்ளி பாதிக்கு மேல் காணோம், ஆனால் ஒரு க்ளவுனின் துடுப்பில் இரண்டு தெரிகிறது. கடைக்காரர் தாமிர மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, தொட்டியிலேயே ஊற்றச் சொல்லியிருக்கிறார். ஊற்றலாமா, புள்ளி குறைந்தது குணமாவதுதானே, இறாலையும் பவளத்தையும் என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

ஊற்றாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

நான் ஊற்றியிருக்கிறேன். என் முதல் கடல்நீர்த் தொட்டி, இதே வெள்ளைப்புள்ளி, இதே அறிவுரை. மதியம் ஊற்றினேன். சாயங்காலம் நத்தைகள் கண்ணாடியை விட்டு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. இரவுக்குள் இறால் போய்விட்டது. மறுநாள் தாமிர அளவைச் சோதித்தால் பாதிகூட இல்லை. எங்கே போனது? பாறையும் மணலும் சுண்ணாம்புப் பொருள், தாமிரத்தை உறிஞ்சிக்கொண்டன. ஆக, ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குத் தாமிரம் நிற்கவில்லை, இறாலைக் கொல்லும் அளவுக்கு நின்றது. ஒரே வாரத்தில் புள்ளி திரும்ப வந்தது. அந்தப் பாறைகளை அதற்கப்புறம் பவளத் தொட்டியில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. புள்ளி குறைந்தது குணம் இல்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ‘மரைன் இக்’. க்ரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி. அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுக்கும். அந்தக் கொழுத்த நிலைதான் நம் கண்ணுக்கு வெள்ளைப்புள்ளி. மூன்று முதல் ஏழு நாள் வரை மீனில் இருக்கும். வயிறு நிரம்பியதும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும், பெரும்பாலும் இரவு இருட்டில். அதனால்தான் முந்தின சாயங்காலம் புள்ளியோடு இருந்த மீன் விடிந்து பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. நாமும் மருந்து வேலை செய்தது, பூண்டு வேலை செய்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இறங்கியது பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, மேலே ஓடு கட்டிக்கொள்ளும். இந்த நிலையில் தாமிரமாவது, வேறு எந்த மருந்தாவது, ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டுக்குள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும். சில மூன்று நாலு நாளில் வெடிக்கும், சில மூன்று நாலு வாரம் கழித்து, அபூர்வமாக இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். வெடித்து வெளியே வரும் நீந்தும் குஞ்சுகளுக்கு மீன் கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். மருந்துக்கு அது அடிபடுவது இந்த நீந்தும் நிலையில் மட்டும்தான். மருந்து மீன்மேல் இருப்பதையும் தொடாது, ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது. ஆகவே வைத்தியம் என்பது மீனில் இருக்கும் புள்ளிக்கு மருந்து போடுவது இல்லை. புதிதாகக் குஞ்சு பொரிந்து வரும் ஒவ்வொரு முறையும் மருந்து தண்ணீரில் குறையாமல் காத்திருக்க வேண்டும். நாள் கணக்கெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உங்கள் க்ளவுனில் தெரியும் இரண்டு புள்ளி முதல் சுற்றின் மிச்சம். இரண்டாவது சுற்று இன்னும் வரவில்லை. முதல் சுற்றில் இருபது இருந்தால் அடுத்ததில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு சில நாள்தான் இருக்கிறது.

அதற்குமுன் இது இக்தானா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மீனைப் பாருங்கள். ரவை தூவியது போல எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் இக். மஞ்சள்தூளோ சலித்த மாவோ படிந்தது போல, எண்ணவே முடியாத பொடி என்றால் ‘வெல்வெட்’, அதாவது அமைலூடினியம். வெல்வெட் மீனைக் கொல்லும் வேகம் வேறு. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும். பொடி தெரிவதற்கு முன்னாலேயே செவுளைப் பிடித்துவிடும் என்பதால் தோலைவிட மூச்சைத்தான் பார்க்க வேண்டும். கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை மூடித் திறக்கிறது என்று எண்ணுங்கள். நூறைத் தாண்டி ஓடினால், மீன் பவர்ஹெட்டின் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) வேகத்துக்குள்ளேயே முகத்தைக் கொடுத்து நின்றால், வெளிச்சத்துக்குப் பயந்து ஒளிந்தால், சாப்பாட்டை விட்டுவிட்டால், வெல்வெட் என்றே வைத்துக்கொண்டு இன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள்.

க்ளவுன்களுக்கு மூன்றாவதாக ஒன்று வரும்: ப்ரூக்லினெல்லா. புள்ளியே இருக்காது, உடம்பில் வெண்மையாகச் சளி படர்ந்து, கஞ்சி ஆடை போலத் திட்டுத்திட்டாக உரியும். இதற்குத் தாமிரம் பயன்படாது. ஃபார்மலின் குளியல்தான் வழக்கம். அது மனிதர்களுக்குப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள். கையுறை, திறந்த ஜன்னல் இல்லாமல் தொடக்கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் மீனுக்கு இன்னும் விஷம், தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் க்ளவுன்கள் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்கிறீர்கள், அதனால் இது அநேகமாக இல்லை.

சரி, வைத்தியம். மூன்று மீனையும் வெளியே எடுக்க வேண்டும். புள்ளியே இல்லாத இன்னொரு க்ளவுனையும் சேர்த்துத்தான். அது ஒன்று உள்ளே இருந்தால் போதும், ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

மீனைத் தனியே வைத்து வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரித் தொட்டிக்குப் பெரிய செலவு வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரக் கண்ணாடித் தொட்டி. ஐம்பது லிட்டர் நிற்கும். மணல் கூடாது, பாறை கூடாது. ஏன் என்று மேலே என் கதையிலேயே இருக்கிறது. ஒளிய இடம் வேண்டுமே, அதற்கு ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பிவிசி எல்போ நாலு வாங்கிப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், மூடி. ப்ளூ டாங் பயந்தால் செத்தது போலப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். குழாய்க்குள் அப்படிக் கிடப்பதைப் பார்த்து பதற வேண்டாம், செவுள் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். அதைப் பிடிக்க வலை வேண்டாம். வால் அடியில் இரண்டு பக்கமும் கத்தி போல முள் இருக்கிறது, வலையில் மாட்டிக் கிழியும், உங்கள் விரலையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் ஓரம்கட்டி முகந்துவிடுங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வெல்வெட்டாக இருந்தால் காற்றில் தெறிக்கும் நுண்ணிய துளியிலேயே பரவும். காற்று வீசினால் 3 மீட்டர் வரை போகும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் ஃபேன் ஓடாத நேரம் ஏது? வேறு அறையில் வையுங்கள். வாளி, டியூப், டப்பா எல்லாம் தனி. பெரிய தொட்டியில் முதலில் கை வைத்து, ஆஸ்பத்திரித் தொட்டியைக் கடைசியில் தொடுங்கள்.

இப்போது பாட்டில். தாமிர மருந்து என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் வகை இருக்கிறது. வெறும் காப்பர் சல்பேட்டில் செய்தது என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான் மருந்தளவு. சற்றே கூடினால் மீன் சாகும். ‘கீலேட்டட்’ என்று எழுதியிருந்தால் தாமிரம் வேறொரு பொருளோடு பிணைந்திருக்கிறது என்று அர்த்தம்; அதற்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம் வரை வேண்டும். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டவர்கள் ஒன்று மீனைக் கொன்றிருக்கிறார்கள், அல்லது ஒரு மாதம் வெறும் தண்ணீரில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பாட்டிலில் என்ன வகை, எத்தனை சதவீதம் என்று எதுவும் அச்சிடவில்லை என்றால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். கீலேட்டட் வகை, லேபிளில் அளவு தெளிவாக எழுதியது ஒன்றை வாங்குங்கள். கூடவே அந்த வகைக்குப் பொருந்தும் தாமிர டெஸ்ட் கிட். கிட் இல்லாமல் தாமிர வைத்தியம் இல்லை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தொட்டியில் எத்தனை லிட்டர் என்பதை அளவு நாடாவால் கணக்கிடாமல் வாளி வாளியாக அளந்து ஊற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஐம்பது லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு வர மொத்தம் 100 மில்லிகிராம் தாமிரம் போக வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு நாளில் நாலு தவணையாக ஏற்றுங்கள். வெல்வெட் சந்தேகம் இருந்தால் மட்டும் ஒரே நாளில் ஏற்றிவிடலாம். அளவை எட்டிய நாள்தான் முதல் நாள். அங்கிருந்து முப்பது நாள். நடுவில் ஒரு நாள் 2.0க்குக் கீழே இறங்கினால் மறுபடி முதல் நாள், இதில் தள்ளுபடி கிடையாது. தண்ணீர் ஆவியானால் தாமிரம் செறிவாகும், அதனால் குறைந்ததை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரித் தொட்டியில் மீன் செத்தால் நோயால் செத்தது, மருந்தால் செத்தது என்பார்கள். நான் பார்த்த அளவில் பாதிக்குமேல் அம்மோனியாவால் செத்தவை. புதுத் தொட்டி, பாக்டீரியா இல்லை, மூன்று மீனின் கழிவு. கடல்நீரின் பிஹெச் 8.2 பக்கம் இருப்பதால் அம்மோனியாவில் விஷமான பங்கு நன்னீரைவிட அதிகம். இன்றைக்கே பெரிய தொட்டியின் சம்பில் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) ஸ்பாஞ்சோ செராமிக் துண்டோ இருந்தால் அதை எடுத்து ஆஸ்பத்திரித் தொட்டியில் வையுங்கள். பாக்டீரியா அதிலேயே வரும். (வேலை முடிந்ததும் அது பெரிய தொட்டிக்குத் திரும்பக்கூடாது.) தினமும் அம்மோனியா பாருங்கள். ஏறினால் தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான் வழி. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், அவற்றில் பல தாமிரத்தை இன்னும் கடும் விஷமாக மாற்றிவிடும்.

தண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் சமையலறை ஆர்.ஓ. மெஷினில் ‘காப்பர்’ என்று பெருமையாக எழுதியிருக்கிறதா பாருங்கள். உடம்புக்கு நல்லது என்று தாமிரம் சேர்த்துத் தரும் மெஷின்கள் இப்போது நிறைய. நமக்கு நல்லதோ என்னவோ, பெரிய தொட்டியின் இறாலுக்கும் பவளத்துக்கும் அந்தத் தண்ணீர் மெல்லக் கொல்லும் விஷம். செம்புக் குடத்துத் தண்ணீரும் அப்படித்தான்.

தாமிரம் இல்லாமல் முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். இக் மட்டும்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் தொட்டி மாற்றும் முறை அழகானது: இரண்டு டப்பில் ஒன்றில் மீன், மூன்று நாளுக்கு ஒரு முறை புது உப்புநீர் நிரப்பிய மற்றொன்றுக்கு மாற்று, பழையதைக் கழுவி நன்றாகக் காயவை. மீனிலிருந்து இறங்கியவை குஞ்சு பொரிக்கும் முன்னே மீன் இடம் மாறிவிடுகிறது. நாலு மாற்றல், பன்னிரண்டு நாள், மருந்தே கிடையாது. வெல்வெட்டுக்கு இது செல்லாது. உப்பைக் குறைக்கும் முறையும் உண்டு. உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண்ணை 1.009க்கு இறக்கி முப்பது நாள் வைப்பார்கள். 1.011 என்று நின்றால் பயன் இல்லை, முள் ஆடும் பிளாஸ்டிக் மீட்டரை நம்ப முடியாது, குறைந்த உப்பைத் தாங்கும் இக் வகைகளும் உண்டு, வெல்வெட்டுக்கு இதுவும் செல்லாது. நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் வெள்ளைப்புள்ளி என்றாலே ஒரு கைப்பிடி கல்லுப்பு போடு, ஹீட்டரை ஏற்று என்பார்கள். அது வேறு ஒட்டுண்ணி. நம் மீன் ஏற்கெனவே உப்பில்தான் கிடக்கிறது! சூட்டை ஏற்றினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, செவுள் கெட்ட மீனுக்கு இன்னும் திணறும். சித்திரை வெயிலில் நம் ஊரில் ஏற்றவே தேவையில்லை, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பி 27 டிகிரிக்கு இறக்கப் பாருங்கள்.

உங்களுக்கு நான் தாமிரத்தைச் சொல்வதற்குக் காரணம், டாங் வந்த கடைத் தொட்டியில் என்னென்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இக்கும் வெல்வெட்டும் சேர்ந்தே வருவதுண்டு. தாமிரம் இரண்டையும் பிடிக்கும்.

மூச்சு மிக வேகமாக இருந்தால், தாமிரத் தொட்டிக்குப் போகும் முன் ஐந்து நிமிட நன்னீர்க் குளியல் கொஞ்சம் ஆசுவாசம் தரும். தாமிரம் சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீர், தொட்டியின் அதே சூடு, அரைமணி நேரம் ஏர் ஸ்டோன் ஓடியிருக்க வேண்டும், ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு பிஹெச்சைக் கடல்நீருக்குச் சமமாக்க வேண்டும். பக்கத்திலேயே நின்று பாருங்கள். வாளியின் அடியில் எள் போல வெள்ளையாக ஏதாவது உதிர்ந்தால் தட்டைப்புழுவும் இருக்கிறது; அதற்குத் தாமிரம் போதாது, ப்ராசிகுவான்டல் என்ற புழு மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பூண்டுச் சாறு பசியைத் தூண்டலாம், இக்கைத் தொடாது. க்ளீனர் இறால் மீனைச் சுத்தம் செய்வது பார்க்க அழகு. தோலுக்கு அடியில் இருப்பதை அது எப்படி எடுக்கும்? யூ.வி. விளக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் பொடித்துப் போடுவது வேண்டவே வேண்டாம். இது பாக்டீரியா இல்லை, மேலும் ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும்.

தாமிரத்தில் முதல் வாரம் மீன்களுக்குப் பசி மந்தமாக இருக்கும். டாங்குக்கு உப்பு, எண்ணெய் எதுவும் சேர்க்காத நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசி) ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். க்ளவுனுக்கு மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி), இல்லையென்றால் மார்க்கெட் இறாலை மிளகு அளவுக்குப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ப்ளூ டாங் இன்று மூன்று அங்குலம். வளர்ந்தால் ஓரடி வரை போகும், நாள் முழுக்க நீந்தும் மீன். நாலடித் தொட்டி அதற்குப் போதாது. இக் முதலில் பிடிப்பதும் டாங் வகையைத்தான். குணமானதும் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிட யோசியுங்கள். இனி வாங்கும் மீன் எதுவானாலும் இதே இரண்டடித் தொட்டியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும். க்ளவுன் வாங்கினால் பண்ணையில் பொரித்ததைக் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளவுனைப் பொரித்து வளர்த்துக் காட்டியவை. பண்ணைக் குஞ்சு தீனிக்கும் தொட்டிக்கும் பழகி வரும்.

மூன்றாவது கேள்வி: இறால், நத்தை, பவளம் எல்லாம் பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும். இக் அவற்றில் வாழாது. கடைசி மீனை எடுத்த தேதியைத் தொட்டியின் மேலேயே ஒரு டேப் ஒட்டி எழுதுங்கள். அங்கிருந்து 76 நாள் அந்தத் தொட்டியில் மீன் கூடாது. நடுவில் புதுப் பவளம், புதுப் பாறை, நண்பர் கொடுத்த நத்தை எதுவும் உள்ளே போகக்கூடாது, அவற்றின் மேல் ஓடு ஒட்டிக்கொண்டு வரலாம். விளக்கு, பவர்ஹெட், தண்ணீர் மாற்றுவது எல்லாம் வழக்கம் போல. இறாலுக்காக இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகைத் தீனி போடுங்கள். பாறையில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதுதான் சாப்பாடு. மீன்களுக்கு முப்பது நாள் தாமிரம் முடிந்த பிறகும் நாற்பத்துநாலு நாள் அளவில் மிச்சம் இருக்கும். தண்ணீரை மாற்றி, புதுக் கார்பன் (வடிகட்டும் கரி) போட்டுத் தாமிரத்தை எடுத்துவிட்டு அதே இரண்டடித் தொட்டியில் வைத்திருங்கள். அந்த நாட்களில் ஒரு புள்ளி, ஒரு உரசல்கூடத் தெரியக்கூடாது.

இன்று இரவு விளக்கு அணைத்தபின் மூன்று மீனுக்கும் மூச்சை எண்ணி எனக்கு எழுதுங்கள். டாங் நூறைத் தாண்டியிருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், தொட்டி கைக்கு வராவிட்டாலும் ஒரு பெரிய புது பிளாஸ்டிக் டப்பிலேயே ஆரம்பித்துவிடலாம்.